பாவு வீட்டார்

சேசு மரி சூசை துணை
ஆரணி, 1891 பிப்ரவரி 3

புதுச்சேரிக் கன்னியர் மடத்தில் புத்தகம் தைக்கிற அக்காள் ரோசம்மாளுக்கு, ஆரணியில் பட்டு நெய்கிற தம்பி சந்தியாகு தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் பெண்சாதி பாக்கியமேரியும் மகள் சகாயமேரியும் சுகம். உன் கண்வலி தேவலையா என்று எழுது.

அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சகாயமேரியைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பேர் சாலமோன். சேத்துப்பட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சொந்த ஊர் பெரணமல்லூர். ஆள் லட்சணமாகத்தான் இருக்கிறான். கோயில் திருநாளில் இவளும் அவனைப் பார்த்திருக்கிறாளாம். பாக்கியமேரி சொல்லித்தான் எனக்கே தெரியும். வந்தவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, வீட்டுப்பெயர் என்ன என்று கேட்டேன். பையனின் தகப்பன் அய்யாக்கண்ணு மீசையைத் துடைத்துக்கொண்டு, "பாவு வீடுங்க" என்கிறான்.

எனக்குப் புரையேறிவிட்டது. பாவு வீடு நம் வீடு அல்லவா? தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைக்குப் பாவு என்று பேர் என்பதாவது அவனுக்குத் தெரியுமா? அவன் ஏர் ஓட்டுகிறவன். அவன் வீட்டில் தறிக்குழியே கிடையாது.

கோயில் சாமியாரிடம் போனோம். நாலு தலைமுறைக்குள் ஒரே இரத்தம் என்றால் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கமாட்டேன், இல்லையென்று புத்தகத்தில் காட்டினால் வாசிக்கிறேன் என்றார். நான் சொல்வது இதுதான். அவன் நம் வீட்டான் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. நம் வீட்டான் இல்லையென்றால் பேரைத் திருடியவன், அப்போதும் கிடையாது. ஆனாலும் இரண்டில் எது என்று தெரிய வேண்டாமா? பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை உன் கையில்தானே தைக்கக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் தேடிப் பார்.

இப்படிக்கு,
சுத்தமான பாவு வீட்டுச் சந்தியாகு


சேசு மரி சூசை துணை
புதுச்சேரி, பிப்ரவரி 22

தம்பி சந்தியாகுவுக்கு அக்காள் ரோசம்மாள் ஆசீர்வாதம். மாதா தயவில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினேன், தேவலை. ஊசியில் நூல் கோக்க மட்டும் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே சொல்லிவிட்டு, நடுவில் என்னைப் புத்தகம் பார்க்கச் சொல்கிறாய். பார்க்கிறேன். ஆனால் நீ எழுதிய இரண்டு பக்கத்தில் சகாயமேரி என்ன சொல்கிறாள் என்பதைக் காணோம். கேட்டாயா?

எனக்கும் ஒரு காலத்தில் இதே காரணம்தான் சொன்னார்கள். வந்த மாப்பிள்ளையும் பாவு வீடு, ஆகையால் முறை இல்லை என்று அப்பா திருப்பியனுப்பினார். அன்றைக்கு யாரும் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. அது போகட்டும்.

ஆரணிக் கோயிலில் ஒரு பிரதி இருக்க வேண்டும். முதலில் அதைப் பார்த்து எழுது. பழைய மூலப் புத்தகம் இங்கே எந்த மூட்டையில் கிடக்கிறதோ, நான் தேடுகிறேன்.

அக்காள் ரோசம்மாள்


சேசு மரி சூசை துணை
ஆரணி, மார்ச் 15

அன்பான அக்காளுக்குத் தம்பி சந்தியாகு எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை.

உன் பேச்சைக் கேட்டுப் புத்தகத்தைப் பார்க்கப் போனேன், மானம் போனதுதான் மிச்சம். உபதேசியார் தூசி தட்டி எடுத்தார். நம் வீட்டு மூலபுருஷர் ராயப்பன் பேர் முதல் வரியிலேயே இருந்தது. எப்படி இருந்தது தெரியுமா? "பாவி ராயப்பன்." பாவு இல்லை, பாவி! பூசைக்கு வந்திருந்த பத்துப் பேர் நடுவில் அந்த மனுஷன் உரக்கப் படிக்கிறார்.

"இன்னாப்பா சந்தியாகு, உங்க பெரியவரு அப்படி இன்னா செஞ்சாரு? பேருக்கு முன்னாலயே பாவின்னு போட்டுகினு கீறாரு!"

அன்றிலிருந்து சந்தையில் ஒருவன் பாக்கியில்லாமல் "பாவி வீட்டாரே" என்று கூப்பிடுகிறான். அந்த முதல் வரிக்குக் கீழே எழுத்து முழுக்கக் கலைந்துகிடக்கிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை.

இன்னொன்று. நூல் வாங்கப் போகிற சாக்கில் பெரணமல்லூர் போய் அந்த அய்யாக்கண்ணு வீட்டை நோட்டம் பார்த்து வந்தேன். அன்று அவர்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயிலுக்குப் போகும்போது வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நீளக் கயிற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்! பெரியவன் சின்னவன் பாகுபாடு இல்லை. சந்தைக்கு மாடு ஓட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் கூட்டமா நம் பங்காளி?

இப்படிக்கு,
பாவி இல்லாத பாவு வீட்டுச் சந்தியாகு


சேசு மரி சூசை துணை
புதுச்சேரி, மே 4

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, பசைச்சட்டி தானாகவே கொதிக்கிறது.

மூலப் புத்தகம் கிடைத்துவிட்டது. ஐதர் அலி படையெடுத்து வந்த கலாபத்தின்போது, 1781-இல், இங்கே இருந்த ஓர் உபதேசியார் எழுதியது. ஆரணியில் இருப்பது அதைப் பார்த்து ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ எழுதிய பிரதி. நீ கண்ணைத் துடைத்துக்கொள். முதல் வரியில் "பாவு" என்பதில் வு-வின் கீழ்வாலைப் பூச்சி தின்றிருக்கிறது. வால் போனால் "பாவ" என்றுதானே நிற்கும்? பிரதி எடுத்த மகராசன் ஏதோ குறைகிறது என்று பார்த்து, மேலே ஒரு சுழி போட்டுப் "பாவி" ஆக்கிவிட்டார். மற்ற வரிகளில் வால் நன்றாக இருக்கிறது. எல்லாம் பாவுதான். உபதேசியாரிடம் இதைச் சொல், சந்தையிலும் சொல்.

மீதியை நிதானமாகப் படித்து எழுதுகிறேன். காகிதம் தொட்டால் உதிர்கிறது.

ஒன்று கேட்கிறேன். அப்பா பெட்டியில் ஒற்றை வெள்ளித் தண்டை ஒன்று வைத்திருந்தாரே, இருக்கிறதா? அதன் உள்சுற்றை நூல் வைத்து அளந்து, அந்த நூலை எனக்கு அனுப்பு. ஏன் என்று இப்போது கேட்காதே.

அக்காள் ரோசம்மாள்


சேசு மரி சூசை துணை
ஆரணி, ஜூன் 2

என் அக்காளுக்குத் தம்பி சந்தியாகுவின் கோடித் தோத்திரம். நாங்கள் சுகம், பரம சுகம்!

வால்! ஒரு வாலுக்கா இத்தனை பாடு? உன் கடிதத்தைக் கோயில் வாசலில் வைத்து இரண்டு தரம் படித்துக் காட்டினேன். உபதேசியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நீ கேட்ட அளவு நூலை இதனுள் வைத்திருக்கிறேன். என் மூன்று விரல்தான் அந்தத் தண்டைக்குள் போகிறது, மிகச் சின்னது. அது நம் வீட்டுச் சொத்து ஆயிற்றே! ராயப்பன் தன் மகன் சவேரிக்குச் செய்து போட்டது என்று அப்பா சொல்வார். கலாப காலத்தில் பிள்ளைக்கு வெள்ளி போட்டவர் என்றால் எப்பேர்ப்பட்ட வீடாக இருந்திருக்கும்! ராயப்பன், அவர் மகன் சவேரி, அவர் மகன் நம் தாத்தா, அப்புறம் அப்பா, அப்புறம் நாம். கலப்பில்லாத நெசவுக்கார இரத்தம். பெரணமல்லூரான் அந்தத் தண்டைக்கு ஜோடியைக் காட்டட்டும், பார்க்கலாம்.

நீ கேட்டாய் என்று சகாயமேரியைக் கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். பெண்பிள்ளை, வெட்கம். கண்ணமங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் பவுல்துரைக்கு முதல் தாரம் தவறிவிட்டது. வயது முப்பத்தெட்டுதான். நவம்பர் கடைசிக்கு மேல் கோயிலில் கல்யாணம் செய்யமாட்டார்கள் என்பதால் அதற்குள் முடித்துவிடலாம் என்று பேசியிருக்கிறேன். சாமியார் மட்டும், பெரணமல்லூர் சங்கதி தீராமல் நான் எந்த ஓலையும் வாசிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஜல்தியாக எழுது.

இப்படிக்கு,
கலப்பில்லாத பாவு வீட்டுச் சந்தியாகு


கார்டு
ஆரணி, ஆகஸ்டு 10

அக்காள் சுகமா? இரண்டு மாசமாயிற்று, ஒரு வரி இல்லை. கண் ரொம்ப மோசமா? புத்தகத்தில் என்னதான் இருக்கிறது? பவுல்துரை ஆள்மேல் ஆள் அனுப்புகிறான், ஒரே பேஜார். உடனே எழுது. சந்தியாகு.


சேசு மரி சூசை துணை
ஆரணி, ஆகஸ்டு 24

மரியாதைக்குரிய அத்தைக்கு சகாயமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் கண் எப்படி இருக்கிறது?

அத்தை, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ஆனால் அவர் எனக்கு அண்ணன் முறை என்று புத்தகத்தில் இருந்தால் அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். அழுது தீர்த்துவிட்டு மனசைத் திருப்பிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. பாவில் அறுந்த இழையைப் பிணைக்கும்போது வேறு இழையோடு முடிந்துவிட்டு, அப்பாவிடம் திட்டு வாங்குகிறேன்.

நீங்கள் ஏன் புதுச்சேரிக்குப் போனீர்கள் என்று அம்மா நேற்றுதான் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. கண்ணமங்கலத்துக்கு என்னை அனுப்பினால் நானும் உங்களிடமே வந்துவிடுகிறேன். இடம் உண்டா?

சகாயமேரி


சேசு மரி சூசை துணை
புதுச்சேரி, செப்டம்பர் 8, மாதா பிறந்த திருநாள்

தம்பி சந்தியாகுவுக்கு அக்காள் ஆசீர்வாதம். நீயும் பாக்கியமேரியும் குழந்தையும் சுகமாக இருக்க இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. மே மாசமே எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நீ சுத்தம் என்றும் கலப்பில்லை என்றும் கையெழுத்துப் போடுகிறாய், நான் என்ன செய்வேன்? இப்போது ஒரு பிள்ளையின் வாழ்வு நடுவில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

கலாபத்தில் ஆரணிப் பக்கம் வீடுகள் எரிந்தபோது ராயப்பனின் மனைவியும் பிள்ளைகளும் மாண்டுபோனார்கள். அவர் தறியிலிருந்த பட்டுப் பாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடந்தார். வழியெல்லாம் பெற்றவரைத் தொலைத்த பிள்ளைகள். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். ஊர்கள் எரிகிற புகையில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சிதறிப்போகாமல் இருக்கப் பாவை நீளமாக விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். பதினொரு நாள் நடந்து புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள். வழியில் ஒன்றுகூடத் தவறவில்லை.

உபதேசியார் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வீட்டுப்பெயர் கேட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கையில் பிடித்திருந்ததைக் காட்டினார்கள். ஆகையால் எல்லாருக்கும் பாவு என்று எழுதினேன். ராயப்பனும் தன் பேருக்கு முன் அதையே எழுதச் சொன்னான்."

சந்தியாகு, இதைப் படித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பசை ஒட்டிய கையால் அந்தப் பக்கத்தைத் தொட மனசு வரவில்லை. போய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். நூற்றுப்பத்து வருஷமாக நாம் மார்தட்டிய பேர், பயந்துபோன பிள்ளைகள் கையைத் திறந்து காட்டிய பேர்.

அதற்குக் கீழே நாற்பத்தொரு வரி. இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

"நாலாம் இலக்கம். சின்னப்பன். வயது ஒன்பது. பெரணமல்லூரில் இரண்டாம் நாள் சேர்ந்தான்."

"ஏழாம் இலக்கம். சவேரி. வயது இரண்டு இருக்கலாம். நாலாம் நாள் சேத்துப்பட்டு ஏரிக்கரையில் தனியே கிடந்தது. ஒரு காலில் மட்டும் வெள்ளித் தண்டை, சுற்று இந்த நூலளவு. பாவைப் பிடிக்கத் தெரியாததால் நாலாம் இலக்கத்தின் இடுப்பில் வந்தது. உன் தம்பியா என்று கேட்டேன். இல்லை, அழுதது, எடுத்தேன் என்றான்."

அந்த வரியின் ஓரத்தில் ஒரு நூல் தைத்திருக்கிறது. நீ அனுப்பிய நூலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

சவேரி நம் பூட்டன். சின்னப்பன் சாலமோனின் பூட்டன் என்று பெரணமல்லூர்க் கோயிலுக்கு எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கலாபம் ஓய்ந்த பிறகு சின்னப்பன் தன் ஊருக்கே போய்ச் சேர்ந்ததாகக் குறிப்பு இருக்கிறது. நம் பூட்டனை ராயப்பன் தன்னுடனே ஆரணிக்கு அழைத்துப்போய்த் தறியில் உட்காரவைத்தார். ராயப்பனின் மரணக் குறிப்பும் இங்கே கிடைத்தது: "மறுமணம் செய்யவில்லை. சொந்தச் சந்ததி இல்லை. பிள்ளைகள் நாற்பத்தொன்று."

அவர் இரத்தம் யாரிடமும் இல்லை, தம்பி. நம்மிடமும் இல்லை. பேர்தான் இருக்கிறது, அது எல்லாரிடமும் இருக்கிறது. திருடியவர் யாருமில்லை.

சாதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நீ கேட்பாய். நாற்பத்தொரு வரியிலும் ஒரே சொல்தான்: "கேட்கவில்லை."

சாமியாருக்கு இந்தப் பக்கத்தின் நகலை மடத்து முத்திரையோடு தனியே அனுப்பியிருக்கிறேன். இரத்தச் சம்பந்தம் இல்லை என்பதற்கு அது போதும். மற்றது உன் கையில்.

அக்காள் ரோசம்மாள்


கார்டு
புதுச்சேரி, அக்டோபர் 12

தம்பி சுகமா? கடிதம் வந்து சேர்ந்ததா? கோபமென்றால் கோபம் என்றாவது எழுது. குழந்தை சாப்பிடுகிறாளா? ரோசம்மாள்.


சேசு மரி சூசை துணை
ஆரணி, நவம்பர் 20

என் அக்காளுக்கு, தம்பி சந்தியாகு காலைத் தொட்டு எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்தை எழுது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

கடிதம் வந்த அன்று தறியை விட்டு எழுந்தவன் ஒன்பது நாள் தறியில் உட்காரவில்லை. முதலில் கோபம். நீ ஏன் அந்தப் புத்தகத்தைத் தைத்தாய், பூச்சி தின்னவிட்டிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து அந்தத் தண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஏரிக்கரையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை தனியாக அழுதிருக்கிறது. அதற்குப் பெற்றவள் யாரோ, என்ன ஆனாளோ. நான் அதைச் சொத்து என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. வாய்விட்டு அழுதேன். பாக்கியமேரி பயந்துபோனாள்.

மறுநாள் தண்டையை மடியில் முடிந்துகொண்டு பெரணமல்லூருக்கு நடந்தேன். அய்யாக்கண்ணு களத்தில் நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டினார். நான் கேட்டேன், "கோயிலுக்குப் போறப்போ எல்லாரும் கயிறு பிடிச்சிகினு போறீங்களே, எதுக்கு?"

"தெரியலைங்க. எங்க அப்பாரு பிடிச்சாரு, நாங்களும் பிடிச்சிகினு போறோம்."

"ஒண்ணும் சொல்லலையா அவரு?"

துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். "உட்டா காணாம பூடுவோம்னு சொல்வாருங்க. அவ்ளோதான்."

நான் அங்கேயே வைக்கோலின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் பேரை வைத்துக்கொண்டு கதையை மறந்தோம். அவர்கள் கதையை மறந்தும் கயிற்றை விடவில்லை. நான் மாடு என்று சிரித்தேனே! உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இடுப்பில் எடுத்து வந்த வரியில் நிறுத்திவிட்டுக் காகிதத்தை நீட்டினேன். சாலமோன்தான் வாங்கி மீதியைப் படித்தான். அய்யாக்கண்ணு எழுந்து போய், எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

பவுல்துரையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சாமியார் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார். முந்தாநாள், நவம்பர் 18, கல்யாணம் நடந்தது. பாவு என்ற பேர் உள்ள எல்லாருக்கும், சாலமோன் எழுதிக் கொடுக்க, ஊர் ஊராகச் சொல்லியனுப்பினேன். முப்பது பேர் வருவார்கள் என்று சோறு வடித்தோம். இருநூறுக்கு மேல் வந்துவிட்டார்கள். ஏர் ஓட்டுகிறவன், குயவன், தச்சன், பள்ளிக்கூட வாத்திச்சி என்று என்னென்னவோ மனுஷர். ஒருவரையும் நான் முன்பின் பார்த்ததில்லை. என்ன சாதி என்று நான் கேட்கவில்லை.

தறியில் ஏற்ற வைத்திருந்த புதுப் பாவை எடுத்து வந்து பிரித்தேன். கையழுக்குப் பட்டால் பட்டு கெட்டுப்போகும் என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன்! எல்லார் கையிலும் கொடுத்தேன். முப்பது முழம், பாதிப் பேருக்குக்கூட எட்டவில்லை. எட்டாதவர்கள் முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே கோயிலுக்குக் கிளம்பினோம். நானும் சகாயமேரியின் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். முன்னால் ராயப்பன் போகிறார், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

வந்தவர்களில் செஞ்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், தலை நரைத்தவர். சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "ரோசம்மாள் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். அன்றைக்கு உன்னைப் பெண் கேட்டு அவர் வந்து நின்றபோது எனக்குப் பதினாறு வயது. புத்தகத்தைப் பாருங்கள் அப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை மன்னி.

நடக்கும்போது சகாயமேரி பாவில் ஒரு முழத்தை யாரும் பிடிக்காமல் விடச் சொன்னாள். அது அத்தையின் இடம் என்றாள். அந்த ஒரு முழத்தை வெட்டி இதனுள் மடித்து வைத்திருக்கிறேன். பிடித்துக்கொள், அக்கா. விடாதே.

இப்படிக்கு,
இடுப்பில் வந்தவன் வீட்டுச் சந்தியாகு